லுவார் ஆற்றங்கரை சைக்கிள் பேக்கேஜ்: பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பிரான்ஸின் லுவார் பள்ளத்தாக்கில் சைக்கிள் ஓட்டி, அரண்மனைகளைப் பார்த்து, வழியில் ஒயின் ருசித்துவிட்டு வரலாம் என்று சொல்லும், வழிகாட்டி கூட வராத 'செல்ஃப் கைடட்' பேக்கேஜ் விளம்பரங்கள் இப்போது நம்மூர் ஆட்களின் போனிலும் அடிக்கடி தலைகாட்டுகின்றன. அதில் ஒன்றை நம்பிப் பணம் கட்டி நானும் என் தங்கையும் பட்ட பாடு இது. நிறுவனத்தின் பெயரைக் கேட்காதீர்கள், புகார் இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. பெயரைவிட, எந்த இடத்தில் எப்படிக் கை வைக்கிறார்கள் என்பது தெரிந்தால் அதிகம் உதவும்.

லுவார் மேல் ஒரு குறையும் இல்லை. சுல்லியிலிருந்து ஷலோன் வரையிலான பகுதியை 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆற்றை ஒட்டி ஏறக்குறைய 900 கிலோமீட்டர் நீளத்துக்கு 'லுவார் ஆ வெலோ' என்ற சைக்கிள் பாதை கடல்வரை போகிறது. திருப்பத்துக்குத் திருப்பம் பலகை இருப்பதால் வழி தவறுவது கஷ்டம். அங்கே அரசாங்கம் இவ்வளவு ஒழுங்காகச் செய்து வைத்திருப்பதைத்தான் இந்த ஆட்கள் பொட்டலம் கட்டி நமக்கு விற்கிறார்கள்.

நாங்கள் பேக்கேஜ் எடுத்ததற்குக் காரணம் விசா. ஷெங்கன் விண்ணப்பத்தோடு தங்குமிடத்துக்கான சான்று கொடுக்க வேண்டும். ஒரே ரசீதில் எல்லா இரவுகளும் இருந்தால் வேலை சுலபம். ஆளுக்கு 780 யூரோ. மூன்று நட்சத்திர ஹோட்டல், பேட்டரி சைக்கிள், பெட்டிகளை ஊருக்கு ஊர் வேனில் கொண்டுசேர்ப்பது, அரண்மனை டிக்கெட், ஒயின் தயாரிப்பாளருடன் 'பிரத்யேக' ருசி பார்த்தல், 24 மணி நேர உதவி எண் என்று பட்டியல் நீளமாகத்தான் இருந்தது. முகப்பில் ஷாம்போர் அரண்மனையின் படம். பிரான்சுவா மன்னர் 1519-இல் கட்ட ஆரம்பித்தது, ஏறுபவரும் இறங்குபவரும் நேருக்கு நேர் மோதிக்கொள்ளாத இரட்டைச் சுருள் படிக்கட்டு உள்ளது, அதே ஷாம்போர்தான். பணம் கட்டிய பிறகு வந்த பயணத் திட்டத்தில் ஷாம்போரே இல்லை. நாங்கள் தங்கிய அம்புவாஸிலிருந்து அது 50 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. கேட்டதற்கு, "அது வட்டாரத்தைக் காட்டும் படம்" என்றார்கள்.

அம்புவாஸ் ரயில் நிலைய வாசலில் ஒரு வேனில் சைக்கிள்கள் வந்து இறங்கின. கொண்டுவந்த பையனுக்கு அடுத்த ஊருக்கு ஓட வேண்டிய அவசரம். சைக்கிளுக்கு 1,000 யூரோ டெபாசிட் என்று கார்டு மிஷினை நீட்டினான். பேக்கேஜ் விவரத்தில் 'சிறிய டெபாசிட்' என்று மட்டும்தான் இருந்தது. எங்கள் ஃபாரெக்ஸ் கார்டை மிஷின் ஏற்கவில்லை. இந்த மாதிரி டெபாசிட் பணத்தைக் கார்டில் முடக்கிவைப்பதற்கு அங்கே பெரும்பாலும் கிரெடிட் கார்டுதான் செல்லும் என்பது கிளம்பும் முன் தெரிந்திருக்க வேண்டிய விஷயம். தங்கையின் கிரெடிட் கார்டில் இரண்டையும் போட்டோம். அவளுடைய லிமிட்டில் முக்கால்வாசி அப்படியே முடங்கியது.

கையெழுத்துக்குக் கொடுத்த தாளில் பிரேக், சக்கரம், ஃபிரேம் என்று வரிசையாகக் கட்டங்கள். எல்லாவற்றிலும் 'நன்று' என்பதில் ஏற்கெனவே டிக் போட்டிருந்தது. வண்டியோ வேறு மாதிரி. என் சைக்கிளின் பின் பிரேக்கில் ரப்பர் தேய்ந்து இரும்பு ரிம்மை உரசியது. தங்கையுடையதில் பேட்டரி பொருத்தும் குழாயில் விரல் நீளத்துக்குக் கீறல், உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தது. காட்டினோம். பையன் தோளைக் குலுக்கி, "பரவாயில்லை, பரவாயில்லை" என்றான். "அக்கா, இந்தக் கீறலையும் தாளையும் சேர்த்து ஒரு போட்டோ எடு, பின்னால் வேன் நம்பர் தெரியட்டும்" என்றாள் தங்கை. அவள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்க்கிறவள்.

அம்புவாஸிலிருந்து ஷெனொன்சோ அரண்மனைக்குப் போகும் வழி, படத்தில் பார்ப்பதுபோல ஆற்றங்கரைச் சமவெளி இல்லை. ஷெனொன்சோ நிற்பது லுவாரில் அல்ல, அதன் துணையாறான ஷேரில். இரண்டு ஆறுகளுக்கும் நடுவே மேட்டுநிலமும் அம்புவாஸ் காடும் இருக்கின்றன. ஊரை விட்டதுமே ஏற்றம். காட்டோரத்தில் ஷாந்த்லூ கோபுரம் தெரிகிறது, 44 மீட்டர் உயரத்தில் சீன பாணியில் கட்டியது. அதுவரை என் பேட்டரி நான்கு கோடு காட்டியது, காட்டுக்குள் நுழைந்ததும் ஒரே மூச்சில் ஒன்றாக இறங்கி அணைந்துபோனது. பேட்டரி செத்த மின் சைக்கிளை மேட்டில் மிதிப்பது நெல் மூட்டையைக் கேரியரில் வைத்துக்கொண்டு மிதிப்பது போலத்தான். 24 மணி நேர எண்ணைக் கூப்பிட்டால் பிரெஞ்சில் பதிவுக் குரல். வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்திக்கு மாலையில்தான் பதில் வந்தது: "ரீஸ்டார்ட் செய்து பார்த்தீர்களா?"

ஷெனொன்சோவில் அடுத்த அடி. அவர்கள் அனுப்பியிருந்த 'வரிசையில் நிற்காமல் நுழையும்' வவுச்சரை வாசலில் ஸ்கேன் செய்த பெண் செல்லாது என்று தலையாட்டிவிட்டார். அது டிக்கெட்டே இல்லையாம், ஏதோ முன்பதிவு எண்ணாம், அதற்கும் பணம் கட்டியிருக்கவில்லையாம். கவுன்ட்டரில் புதிதாக டிக்கெட் வாங்கித்தான் உள்ளே போனோம். போனதற்கு வருத்தமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இரண்டாம் ஹென்ரி மன்னரின் காதலி தியான் தெ புவாத்தியே ஆற்றின் மேல் பாலம் கட்ட, மன்னர் இறந்ததும் அவரை வெளியேற்றிய மன்னரின் மனைவி கத்ரீன் மகாராணி அந்தப் பாலத்தின் மேலேயே 60 மீட்டர் நீளக் கூடம் எழுப்பிக்கொண்டார். ஜன்னலோரம் நின்றால் காலுக்குக் கீழே ஆறு ஓடுகிறது. முதல் உலகப்போரில் அந்தக் கூடம் மருத்துவமனையாக இருந்திருக்கிறது.

திரும்பி வர வழி சொன்னது டிக்கெட் கவுன்ட்டர் பெண்தான். அரண்மனை வாசலை ஒட்டியே ஒரு சின்ன ரயில் நிலையம் இருக்கிறது, தூர் நகரத்து வண்டி அங்கே நிற்கும். சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு சென்-பியேர்-தெ-கோர் நிலையத்தில் மாறி அம்புவாஸ் வந்து சேர்ந்தோம். அந்த வழியில் வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துக்கொண்டு போங்கள். எங்கள் பயணக் கையேட்டில் இந்த நிலையத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது.

அப்புறம் அந்தப் 'பிரத்யேக' ஒயின். வூவ்ரே என்ற ஊரில் ஒரு குகையில் ஏற்பாடு. வூவ்ரே வடகரையில் இருக்கிறது, சைக்கிள் பாதையோ அந்தப் பகுதியில் தென்கரையில் போகிறது. ஆகவே கார்களும் லாரிகளும் பறக்கும் வடகரை நெடுஞ்சாலையின் ஓரமாக, தேய்ந்த பிரேக்கோடு போனோம். அரண்மனைகள் கட்ட தூஃபோ என்ற வெளிர் சுண்ணாம்புக் கல்லை மலைச்சரிவில் வெட்டியெடுத்து, வெட்டிய பள்ளங்களிலேயே ஒயினை வைக்கப் பழகிய ஊர் அது. வெளியே வெயில் கொளுத்த, உள்ளே 12 டிகிரி குளிர், தொட்டால் சுவர் ஈரம். அங்கிருந்த அம்மையார் ஷெனான் என்ற ஒரே திராட்சையிலிருந்து இனிப்பில்லாதது, பாதி இனிப்பு, முழு இனிப்பு என்று மூன்றையும் ஊற்றினார். தங்கை குடிக்க மாட்டாள் என்றதும் அவளுக்குத் திராட்சைச் சாறு கொடுத்தார். நல்ல மனுஷி. "இதற்கு ஆளுக்கு 45 யூரோ கட்டியிருக்கிறோம்" என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. யார் வந்தாலும் அங்கே ருசி பார்ப்பது இலவசம், அந்த நிறுவனம் 'இருவர் வருகிறார்கள்' என்று ஒரு மெயில் அனுப்பியதோடு சரி, ஒரு சென்ட்டும் தந்ததில்லை என்றார். பக்கத்தில் நின்ற ஜெர்மன் தம்பதி நடந்து வந்து அதே மூன்றையும் குடித்துவிட்டு இரண்டு பாட்டில் வாங்கிக்கொண்டு போனார்கள்.

இதே ஷெனான் ஒயின் வேண்டும், நெடுஞ்சாலை வேண்டாம் என்றால் எதிர்க்கரையில் மோன்லூயி இருக்கிறது. சைக்கிள் பாதையே அந்த ஊர் வழியாகத்தான் போகிறது.

இன்னொன்று. நிறுவனத்தின் மெயிலில் "சைக்கிள்தானே, கவலையில்லாமல் குடிக்கலாம்" என்று எழுதியிருந்தார்கள். தப்பு. லிட்டர் ரத்தத்துக்கு 0.5 கிராம் ஆல்கஹால் என்ற வரம்பு பிரான்ஸில் சைக்கிள் ஓட்டுபவருக்கும் உண்டு, பிடிபட்டால் அபராதம்.

ஊர் திரும்பிய பிறகுதான் பெரிய அடி. தங்கையின் கார்டிலிருந்து 340 யூரோ எடுக்கப்பட்டிருந்தது. காரணம், 'ஃபிரேம் சேதம்'. இணைத்திருந்த படத்தில் அதே விரல் நீளக் கீறல். பேக்கேஜ் நிறுவனத்தைக் கேட்டால், "நாங்கள் வெறும் இடைத்தரகர், சைக்கிள் கொடுத்தவரைக் கேளுங்கள்." சைக்கிள்காரரைக் கேட்டால், "எங்கள் ஒப்பந்தம் அந்த நிறுவனத்தோடு, உங்களோடு இல்லை." ஹோட்டல், டிக்கெட், உதவி எண், எதைக் கேட்டாலும் இதே பந்து விளையாட்டுதான்.

இங்கேதான் சட்டம் நமக்குத் துணை. தங்குமிடத்தையும் சைக்கிளையும் ஒரே விலையில் சேர்த்து விற்றால், ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015-ஆம் ஆண்டு பேக்கேஜ் பயண விதிப்படி விற்றவரே முழுச் சேவைக்கும் பொறுப்பு. 'இடைத்தரகர்' என்று நழுவ முடியாது. பிரான்ஸில் இப்படி விற்பவர்கள் அதூ ஃப்ரான்ஸ் என்ற சுற்றுலா முகமையில் பதிவு செய்திருக்க வேண்டும், 'ஐஎம்' என்று தொடங்கும் எண் இருக்கும். இணையதளத்தின் அடியில் அந்த எண்ணைத் தேடுங்கள். நாங்கள் பணம் கட்டிய தளத்தில் அப்படி ஒன்று இல்லை. 14 நாளுக்குள் ரத்து செய்யலாம் என்ற ஐரோப்பிய உரிமையை நம்பி அவசரமாகப் பணம் கட்டாதீர்கள், தேதி குறித்த ஹோட்டல், பொழுதுபோக்குப் பதிவுகளுக்கு அது பொருந்தாது. 25 யூரோவும் அதற்கு மேலும் ஆகும் எந்தச் சேவைக்கும் பிரான்ஸில் பில் தந்தாக வேண்டும். சைக்கிள்காரரிடம் ரிப்பேர் பில்லைக் கேட்டோம், இன்றுவரை வரவில்லை.

தனியாகவே போக முடியுமா என்று கேட்பவர்களுக்கு: தாராளமாக. பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் சென்-பியேர்-தெ-கோர் ஒரு மணி நேரம்தான். 'அக்கேய் வெலோ' என்ற முத்திரை உள்ள ஹோட்டல்களும் சைக்கிள் கடைகளும் பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும், அங்கே சைக்கிளைப் பூட்டிவைக்க இடமும் ரிப்பேர் சாமானும் உண்டு. கடைக்கே போய் வண்டியை ஓட்டிப் பார்த்து எடுங்கள். டிக்கெட்டை அந்தந்த அரண்மனையின் சொந்தத் தளத்தில் வாங்குங்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன், நாங்கள் கட்டியதில் ஏறக்குறைய பாதியில் முடிந்திருக்கும்.

இப்போதைய நிலவரம்: வேன் நம்பரோடு எடுத்த போட்டோவை வைத்து இந்தத் தொகையை ஏற்கவில்லை என்று வங்கியில் புகார் பதிவு செய்தோம், 340 யூரோ திரும்ப வந்துவிட்டது. மற்ற பணத்துக்காக பிரெஞ்சு நுகர்வோர் துறையின் 'சிக்னல் கோன்சோ' தளத்தில் புகார் போட்டிருக்கிறோம். நிறுவனத்திடமிருந்து ஒரு பதில் வந்தது, அடுத்த சீசனுக்கு 15 சதவீதத் தள்ளுபடிக் கூப்பன். அதை வேண்டாம் என்று எழுதிவிட்டு, டிக்கெட்டுக்கும் ஒயினுக்கும் கட்டிய பணத்தைத் தனித்தனியாகக் குறிப்பிட்டுக் கேட்டிருக்கிறோம்.