நிக்கேட்டஸா சபாஸா, யாரோட கதைய எடுக்கலாம்?

கோத் இன (பழைய ஜெர்மானிய இனம்) வேதசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உசிர விட்டவர், ஒருத்தர் கதைய பசங்களுக்கு சொல்லணும், யாரை எடுக்குறதுன்னு குழம்புறவங்களுக்காக. ரெண்டு பேரும் டான்யூப் ஆத்துக்கு வடக்க, கோத் தலைவன் அத்தனாரிக் கிறிஸ்தவங்கள வேட்டையாடுன காலத்து ஆளுங்கதான்.

வேலை: நிக்கேட்டஸ் போர்வீரர். சபாஸ் சாதாரண கிராமத்து ஆளு.

சாவு: நிக்கேட்டஸ நெருப்புல போட்டாங்க. சபாஸ 372 ஏப்ரல் 12 அன்னிக்கு ஆத்துல அமுக்கிக் கொன்னாங்க, வயசு 38.

நம்பகம்: இங்கதான் பெரிய வித்தியாசம். சபாஸ் பத்தி அவர் செத்து கொஞ்ச நாள்லயே கோத் சபை கப்பதோக்கியா (இப்போ துருக்கியில இருக்கு) சபைக்கு எழுதின லெட்டர் இருக்கு, அதுல ஒரு சீன், பிடிச்சு கட்டி வெச்சிருந்த சபாஸ ராத்திரி ஒரு பொம்பள வந்து அவுத்து விடுறாங்க, இவரு ஓடாம அந்தம்மாவுக்கு சமையல்ல கூடமாட ஒத்தாசை பண்ணிட்டு நிக்கிறாரு (நானா இருந்தா ஓடியிருப்பேன்). நிக்கேட்டஸ் கதை பின்னாடி எழுதினது, உடம்பு நெருப்புல வேகல, நண்பர் மரியானுஸ் அதை எடுத்துட்டுப் போய் சிலிசியாவுல (இதுவும் இப்போ துருக்கிதான்) மோப்சுவெஸ்தியாங்கிற ஊர்ல வெச்சாருன்னு போகும்.

வீரன், அற்புதம்னு பசங்க வாயப் பொளந்து கேக்கணும்னா நிக்கேட்டஸ். "இது நெஜமா நடந்துச்சா?"ன்னு நோண்டுற பெரிய பசங்கன்னா சபாஸ்தான், என் ஓட்டும் அவருக்கே.