16 வீடு, ஒரு சம்ப் மோட்டார், எனிடைப்

எங்கள் நங்கநல்லூர் அபார்ட்மென்டில் 16 வீடுகள். சங்கத்துக்கு என்னைச் செக்ரட்டரியாக உட்கார வைத்தபோது கைக்கு வந்தவை ஒரு லாங் சைஸ் நோட்டு, ரசீதுகள் திணித்த ஒரு மஞ்சப்பை, ஒரு வாட்ஸ்அப் குரூப். மூன்றிலும் எல்லா விவரமும் இருந்தது, தேடும்போது மட்டும் கிடைக்காது. அதற்காகத்தான் எனிடைப் என்ற குறிப்புச் செயலியை இறக்கினேன். கம்ப்யூட்டர், போன் இரண்டிலும் ஓடும், தொடங்கக் காசு வேண்டாம்.

வழக்கமான நோட்ஸ் செயலிகளில் ஃபோல்டர் இருக்கும், அதற்குள் பக்கம் இருக்கும். பிளம்பருக்குக் கொடுத்த பணத்தைப் பிளம்பர் பக்கத்தில் எழுதுவதா, அவர் வேலை பார்த்த வீட்டின் பக்கத்தில் எழுதுவதா? இங்கே அந்தக் கேள்வியே வராது. எல்லாமே ஆப்ஜெக்ட். வீடு ஓர் ஆப்ஜெக்ட், ஆள் ஓர் ஆப்ஜெக்ட், நடந்த வேலை ஓர் ஆப்ஜெக்ட். ஒவ்வொன்றுக்கும் ஒரு வகை உண்டு, அந்த வகைக்கு என்னென்ன விவரம் வேண்டும் என்பதை நாமே வைத்துக்கொள்ளலாம். நான் 'வீடு' வகைக்கு ஓனர், குடியிருப்பவர், இ.பி. சர்வீஸ் நம்பர் என்று வைத்தேன். ஓனர் என்ற கட்டத்தில் வெறும் பெயர் நிற்காது, அந்த ஆளின் ஆப்ஜெக்டே வந்து உட்காரும். அவர் போன் நம்பர் மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். எங்கள் மாடியில் ஒரு மாமாவுக்கு இரண்டு வீடு, அவருக்கும் ஒரே பக்கம்தான்.

இது எங்கே கைகொடுத்தது என்றால், பி2 பாத்ரூமில் கசிவு, கீழே பி1 சீலிங்கில் ஈரம். 'வேலை' என்று ஒன்று போட்டு, எழுதும்போதே @ அடித்து இரண்டு வீட்டையும் பிளம்பரையும் இணைத்தேன். இப்போது பி1ஐத் திறந்தாலும் அந்த வேலை தெரியும், பி2ஐத் திறந்தாலும் தெரியும், பிளம்பர் பக்கத்தில் அவர் இதுவரை செய்தது எல்லாம் வரிசையாக நிற்கும். நாம் ஒரு பக்கம் இணைத்தால் மறுபக்கம் தானாகக் காட்டுகிறது.

அப்புறம் சம்ப் மோட்டார். அதையும் ஓர் ஆப்ஜெக்ட் ஆக்கினேன், சிரிக்க வேண்டாம். எங்கள் பில்டிங்கில் சில மனிதர்களைவிட அதற்குத்தான் வரலாறு அதிகம். ஃபுட் வால்வு மாற்றியது, காயில் கட்டியது, பேனல் போர்டு எரிந்தது எல்லாம் தேதியோடு அதன் பக்கத்தில் இருக்கிறது. எலெக்ட்ரீஷியன் வந்து, "மேடம், காயில் கட்டி ரொம்ப வருஷம் ஆச்சே" என்று ஆரம்பித்தார். போனை அவர் முன்னால் நீட்டினேன். ரசீதின் போட்டோவும் அதிலேயே இருந்தது. வேலை கூலியில்லாமல் முடிந்தது. மோட்டார் ரூமில் சிக்னல் சுத்தமாக வராது, ஆனால் இந்தச் செயலி எல்லாவற்றையும் நம் போனிலேயே வைத்துக்கொள்வதால் இணையம் இல்லாமலும் திறக்கிறது. வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டரோடு தானே ஒத்துப்போய்விடும். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் நேராகவே பேசிக்கொள்ளும்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வகைகளை அள்ளிக் குவிக்க வேண்டாம். ஐகான், கவர் படம், டெம்ப்ளேட் என்று அழகுபடுத்த ஆரம்பித்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும், ஒரு வரி எழுதியிருக்க மாட்டோம். எனக்கு மூன்று வகை போதுமாக இருந்தது: வீடு, ஆள், வேலை. ஒரு பொருளின் பெயர் திரும்பத் திரும்ப வந்து, அதற்குத் தனி விவரங்களும் தேவைப்பட்டால் மட்டும் நான்காவது. மோட்டாரும் லிஃப்டும் அப்படித்தான் 'சாதனம்' என்ற வகையாயின.

கொஞ்சம் ஊறிய பிறகு குவெரி பக்கம் போகலாம். முன்பு இதற்கு செட் என்று பெயர். குறிப்பிட்ட வகையில், குறிப்பிட்ட நிபந்தனைக்கு உட்பட்டதை எல்லாம் ஒரே பட்டியலாகக் கொண்டுவரும். 'மழைக்கு முன்' என்று டேக் போட்ட வேலைகளுக்கு ஒரு குவெரி வைத்திருக்கிறேன். மழைநீர் சேகரிப்பு 2003லேயே தமிழ்நாட்டில் கட்டாயமாகிவிட்டது. கட்டாயம் என்பதற்காகக் குழி தானே தூர்ந்த மண்ணை அள்ளிக்கொள்ளுமா? அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வருவதற்குள் அது, மொட்டை மாடித் தண்ணீர்க் குழாய், பேஸ்மென்ட் பம்ப் எல்லாம் பார்த்தாக வேண்டும். செப்டம்பரில் அந்தப் பட்டியலைத் திறந்தால் போன வருடம் யார் செய்தார், எவ்வளவு வாங்கினார் என்பதும் சேர்ந்தே வருகிறது. பேரம் பேச வசதி.

கிராஃப் என்று ஒன்று இருக்கிறது, எல்லா ஆப்ஜெக்டும் புள்ளிகளாகவும் கோடுகளாகவும் தெரியும். பார்க்க அழகு, அவ்வளவுதான். மெயின்டனன்ஸ் கணக்கை இதில் போட நினைக்காதீர்கள், கூட்டல் கழித்தலுக்கு எக்செல்தான் சரி. எங்கள் சங்கம் 1975ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானது, அதனால் பொதுக்குழு மினிட்ஸ் கையெழுத்தோடு புத்தகத்தில்தான். அதைப் போட்டோ எடுத்து இங்கே சேர்த்துவிடுகிறேன்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. தொடங்கும்போது 12 ஆங்கில வார்த்தைகள் கொண்ட ஒரு சாவி கொடுப்பார்கள். நம் குறிப்புகள் எல்லாம் அந்தச் சாவியால் பூட்டப்படுகின்றன, கம்பெனிக்காரர்களாலும் படிக்க முடியாது. 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அவர்களிடம் போய் நிற்க முடியாது என்பதுதான் இதன் மறுபக்கம். 16 வீட்டுக்காரர்களின் போன் நம்பர் உள்ளே இருப்பதால் எனக்கு இந்தப் பூட்டு பிடித்திருக்கிறது. வார்த்தைகளைப் பேப்பரில் எழுதி பீரோவில் வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே அனுப்பிக்கொள்ளும் வேலையெல்லாம் வேண்டாம்.

சங்கத்துக்கென்று தனி ஸ்பேஸ், அதாவது செயலிக்குள்ளேயே ஒரு தனி அறை மாதிரி, வைத்து, பொருளாளருக்குப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்திருக்கிறேன். எழுதவும் அனுமதி கொடுக்கலாம், ஆனால் அவர் எல்லாவற்றையும் கேப்பிடல் லெட்டரில் அடிப்பார். அடுத்த செக்ரட்டரி வந்தால் அவரையும் இதே ஸ்பேஸில் சேர்த்துவிடலாம், என் சொந்தக் குறிப்புகள் வேறு ஸ்பேஸில் இருக்கின்றன. செக்ரட்டரியாக யாராவது முன்வர வேண்டும், அதற்கு இந்தச் செயலியில் வழியில்லை.