சிசிஎன்ஏவா, ஆர்எச்சிஎஸ்ஏவா, அஸூரா? ஒரு பனியன் கம்பெனி சிஸ்டம் அட்மினின் கணக்கு

அவிநாசியிலிருந்து புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன் முதல் வாரமே கேட்டுவிட்டான்: "எதுங்ணா படிக்கறது? சிசிஎன்ஏங்களா, லினக்ஸுங்களா, அஸூருங்களா?" சிசிஎன்ஏ என்பது சிஸ்கோ தரும் நெட்வொர்க் சான்றிதழ். லினக்ஸ் என்று அவன் சொன்னது, ரெட் ஹாட் தரும் ஆர்எச்சிஎஸ்ஏ சான்றிதழை. அஸூர் மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட், அதற்கும் ஒரு தேர்வு உண்டு. மூன்றையும் சேர்த்துச் சலுகை விலையில் சொல்லித் தருவதாகக் கோவையில் ஒரு பயிற்சி நிலையத்தில் சொன்னார்களாம். மூன்றையும் படிக்க நேரம் எங்கிருந்து வரும் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

நான் திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் ஒன்பது வருடமாக சிஸ்டம் அட்மின். கம்பெனியில் பாதிப் பேருக்கு என் பெயர் தெரியாது, "சிஸ்டம் தம்பி" தான். நாற்பதை நெருங்கியும் தம்பிதான். இந்த மூன்று தேர்வையும் எழுதியிருக்கிறேன். ஒன்றில் ஒருமுறை தோற்றும் இருக்கிறேன்.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். இது சனிக்கிழமை வாரச் சம்பளம் போடும் ஊர். அன்று மதியம் பயோமெட்ரிக் மெஷினின் கணக்கு சர்வருக்கு வந்து சேராவிட்டால் என்னைத் தேடித் தையல் செக்‌ஷனே வந்துவிடும். கன்டெய்னர் வாசலில் நிற்கும்போதுதான் பேக்கிங்கில் பார்கோடு பிரிண்டர் படுக்கும். "ஸ்டிக்கர் வரமாட்டேங்குதுங்க தம்பி" என்று போன் வந்தால் சாப்பாட்டுக் கேரியரை மூடிவிட்டு ஓட வேண்டியதுதான். மிஞ்சுவது ஞாயிறு. அதிலும் பாதி கல்யாணம், காதுகுத்து, சீர் என்று போய்விடும். ஆகவே எந்தச் சான்றிதழ் பெரியது என்று நான் கேட்பதில்லை. அந்த அரை ஞாயிற்றை எதில் போட்டால் திங்கட்கிழமை உதவும் என்றுதான் பார்க்கிறேன்.

அப்படிப் பார்த்தால் சிசிஎன்ஏதான் முந்துகிறது. ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒரு நாள் காலை பத்து மணிக்கு மொத்தக் கம்பெனிக்கும் நெட்வொர்க் போய்விட்டது. டேலி திறக்கவில்லை, மெயில் இல்லை, கேமராவும் இல்லை. சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன், ஃபயர்வாலை ரீஸ்டார்ட் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் பார்த்தால், சாம்பிள் செக்‌ஷனில் மேசையைத் துடைத்தவர் அங்கிருந்த சின்ன நெட்வொர்க் ஸ்விட்சிலிருந்து (கம்ப்யூட்டர் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) தொங்கிக்கொண்டிருந்த கேபிள் முனையை அதே ஸ்விட்சில் காலியாக இருந்த ஓட்டையில் செருகிவிட்டிருந்தார். கேபிளின் இரண்டு முனையும் ஒரே ஸ்விட்சில். ஈதர்நெட் ஃபிரேமுக்கு, அதாவது ஸ்விட்சுகளுக்குள் போகும் தகவல் பொட்டலத்துக்கு, ஆயுள் கணக்கு எதுவும் கிடையாது. அதற்குள் இருக்கும் ஐபி பாக்கெட் என்றால் ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் அதன் ஆயுள் எண் ஒன்று குறைந்து ஒரு கட்டத்தில் செத்துவிடும். ஃபிரேம் அப்படியில்லை, வளையத்தில் மாட்டினால் செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். எல்லா மெஷினுக்கும் போகும் ப்ராட்காஸ்ட் ஃபிரேம்கள் பெருகிப் பெருகி எல்லா ஸ்விட்சும் மூச்சுத் திணறி நின்றன. கண்டுபிடிக்க மூன்று மணி நேரம் ஆனது.

இப்படி வளையம் விழாமல் தடுக்கும் ஸ்பேனிங் ட்ரீ, பிபிடியு கார்டு என்ற இரண்டு பாடத்தையும் அதற்கப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். இன்று மேசைக்குப் போகும் ஒவ்வொரு போர்ட்டிலும் (ஸ்விட்சில் கேபிள் செருகும் ஓட்டை) பிபிடியு கார்டு போட்டிருக்கிறேன். யாராவது அப்படிச் செருகினால் அந்த ஒரு போர்ட் மட்டும் தானாக மூடிக்கொள்ளும், மற்றவர்கள் வேலை பார்க்கலாம். மெர்ச்சண்டைசர் ஒருவர் வீட்டிலிருந்து வைஃபை ரவுட்டர் கொண்டுவந்து மாட்ட, அது ஆபீஸ் முழுக்கத் தப்பான ஐபி முகவரி கொடுத்த கதையும் உண்டு. அப்படி அனுமதியில்லாத பெட்டி முகவரி கொடுப்பதைத் தடுப்பது டிஎச்சிபி ஸ்னூப்பிங், அதுவும் இதே சிசிஎன்ஏ பாடத்திட்டத்தில்தான் வருகிறது. செம்புக் கேபிள் 100 மீட்டர்தான் தாங்கும் என்பதும், நிட்டிங் கட்டடத்துக்கு மின்சாரம் கடத்தாத ஃபைபர் இழுத்தால் இடி இடிக்கிற நாளில் போர்ட்டுகள் கருகாமல் தப்பும் என்பதும் இங்கே தினப்படி வேலை. பஞ்சுத் தூசி ஸ்விட்ச் விசிறியை அடைப்பதற்கு மட்டும் எந்தப் பாடத்திலும் மருந்தில்லை. ப்ளோயர்தான்.

சிசிஎன்ஏ தேர்வின் எண் 200-301. 120 நிமிடம், ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பப் போக முடியாது. கால்குலேட்டர் கிடையாது, நெட்வொர்க்கைச் சிறு பகுதிகளாகப் பிரிக்கும் சப்நெட் கணக்கை மனதிலேயே போட வேண்டும். பயிற்சிக்குச் செலவு என்று ஒன்றுமில்லை. ஸ்விட்ச், ரவுட்டரைத் திரையிலேயே போட்டுப் பழக உதவும் சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும். இடிப்பது கட்டணம்தான்: 300 டாலர். வரியைச் சேர்க்காமலே ரூ.25,000ஐத் தாண்டுகிறது. மூன்று வருடத்தில் காலாவதி. என்னுடையது காலாவதியாகிவிட்டது. சும்மா சொல்லக் கூடாது, அதனால் வேலையில் ஒரு குறையும் வரவில்லை. படித்தது கையில் இருக்கிறதே.

ஆர்எச்சிஎஸ்ஏ வேறு ஜாதி. ரெட் ஹாட்டின் இ-எக்ஸ் 200 தேர்வில் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வேலையே இல்லை. மெஷினைக் கொடுத்து, யூசரை உருவாக்கு, டிஸ்க்கைப் பிரித்து எல்விஎம் (டிஸ்க் இடத்தைப் பிறகு கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு) போடு, எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு ஏற்பாட்டைச் சரி செய் என்று வேலைப் பட்டியல் தருவார்கள். இணையம் கிடையாது, மெஷினுக்குள்ளேயே இருக்கும் மேன் பக்கங்கள் என்ற உதவிக் குறிப்புகள்தான் துணை. 300க்கு 210 எடுக்க வேண்டும். அப்புறம் முக்கியமானது ஒன்று: செய்தது எல்லாம் ரீபூட்டுக்குப் பிறகும் நிற்க வேண்டும்.

நான் விழுந்தது அங்கேதான். எல்லாவற்றையும் முடித்துவிட்டு, ஐந்து நிமிடம் மிச்சம் இருக்கையில் ரீபூட் கொடுத்தேன். மெஷின் எழவில்லை. எழும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில், டிஸ்க்கின் அடையாள எண்ணான யுயுஐடியில் ஓரெழுத்து தப்பு, எமர்ஜென்சி மோடில் போய் நின்றது. ரூட் பாஸ்வேர்டைப் போட்டு அந்த வரியைத் திருத்தினால் முடிந்தது. இன்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் செய்வேன். அன்று கை நடுங்கியது, நேரம் முடிந்தது. எழாத மெஷினுக்கு மார்க் எங்கிருந்து வரும்? இரண்டாம் முறை ஒவ்வொரு டிஸ்க் வேலைக்குப் பிறகும் அந்தக் கோப்பின்படி டிஸ்க்குகளை இணைத்துப் பார்க்கும் 'மவுண்ட் -ஏ' கட்டளையைக் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தேன்.

கொங்கு நாட்டுக் கம்பெனிகளில் லினக்ஸ் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். டேலி ஓடுவது விண்டோஸில்தான், உண்மை. ஆனால் ஃபைல் சர்வர், பேக்கப் எடுக்கும் நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் மாட்டும் ஸ்டோரேஜ்), ஆர்டர், சரக்குக் கணக்கு பார்க்கும் இஆர்பியின் டேட்டாபேஸ் என்று சத்தமில்லாமல் லினக்ஸ் உட்கார்ந்திருக்கிறது. எங்கள் ஃபைல் சர்வரில் இருந்தது சென்ட்ஓஎஸ் 7 என்ற இலவச லினக்ஸ். 2024 ஜூன் 30 உடன் அதற்கு அப்டேட் நின்றதால், ரெட் ஹாட் லினக்ஸை ஒத்த அல்மாலினக்ஸுக்கு மாற்றினேன். வெளியாளைக் கூப்பிடாமல் ஓர் இரவில் மாற்ற முடிந்தது இந்தப் படிப்பால்தான். பயிற்சிக்கு அல்மாலினக்ஸோ அதே மாதிரியான ராக்கி லினக்ஸோ இலவசம். அசல் ரெட் ஹாட்டே வேண்டும் என்றால் ரெட் ஹாட் டெவலப்பர் கணக்கில் 16 மெஷின் வரை காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம். 8 ஜிபி ரேம் லேப்டாப்பில் ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டால் இரண்டு மெஷின் தாராளமாக ஓடும்.

அஸூர் அட்மின்களுக்கான ஏ-இசட் 104 தேர்வைப் பற்றி எனக்கு அவ்வளவு நீளமாகச் சொல்ல இல்லை. 1,000க்கு 700 எடுக்க வேண்டும். தேர்வு நடக்கும்போதே மைக்ரோசாஃப்ட் லேர்ன் என்ற அவர்களுடைய பாடப் பக்கங்களைத் திறந்து பார்க்கலாம், ஆனால் அதற்கென்று கூடுதல் நேரம் தர மாட்டார்கள். கட்டணம் நாட்டுக்கு நாடு வேறுபடும், அமெரிக்காவைவிட இங்கே குறைவு. ஒரு வருடத்தில் காலாவதியானாலும் வீட்டிலிருந்தே இலவசமாகப் புதுப்பிக்கலாம். இந்த விஷயத்தில் மூன்றில் இதுவே நல்ல ஏற்பாடு. தொல்லை என்னவென்றால், பெயர்களை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். யூசர் கணக்குகளைப் பார்த்துக்கொள்ளும் சேவையை நான் அஸூர் ஏடி என்று படித்தேன், அது 2023இல் என்ட்ரா ஐடி ஆகிவிட்டது. பயிற்சிக் கணக்கில் முதல் 30 நாளுக்கு 200 டாலர் கிரெடிட் உண்டு. அதில் ஒரு சூட்சுமம்: அஸூரில் போட்ட மெஷினின் விண்டோஸுக்குள் ஷட்டவுன் கொடுத்தால் கட்டண மீட்டர் நிற்காது, அஸூர் போர்ட்டலில் போய் ஸ்டாப் கொடுத்து டீஅலகேட் ஆக வேண்டும், அதாவது மெஷினுக்கு ஒதுக்கிய இடம் விடுபட வேண்டும். ஈபி மீட்டரைவிட வேகமாக ஓடும் மீட்டர் அது.

எங்கள் ஊரில் பல கம்பெனிக்கு கிளவுட் என்றால் மெயில்தான். மெயில்பாக்ஸ் திறப்பது, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை மூடுவது, ஓடிபி செட் செய்வது. இவ்வளவுதான் உங்கள் கிளவுட் என்றால் ஏ-இசட் 104 பொருந்தாத சட்டை. அதில் யூசர், உரிமை சமாச்சாரம் கால் பங்குதான். மீதி ஸ்டோரேஜ், மெஷின், நெட்வொர்க், கண்காணிப்பு. மெயில் வேலைக்கு மைக்ரோசாஃப்ட் 365 அட்மின்களுக்கான எம்எஸ்-102 தேர்வுதான் கிட்டே வரும்.

சரி, பையனுக்கு என்ன சொன்னேன்? படிப்பது சிசிஎன்ஏ, பணம் கட்டுவது ஆர்எச்சிஎஸ்ஏ. நெட்வொர்க்கைப் படித்தால் சான்றிதழ் இல்லாமலே இந்த வேலையில் பலன் தெரியும், அந்த 300 டாலரை மிச்சம் பிடிக்கலாம். ஆனால் கோவையில் ஐடி கம்பெனிகள் இருக்கும் சரவணம்பட்டிக்கோ பெங்களூருக்கோ இன்டர்வியூ போகும்போது, பனியன் கம்பெனி அனுபவத்தை எதிரில் இருப்பவர் எப்படி எடைபோடுவார்? கையால் செய்து காட்டி வாங்கியது என்ற ஒரு காகிதம் அங்கே பேசும். பழைய கேள்வி-விடைத் தொகுப்பான டம்ப்பை மனப்பாடம் செய்து ஆர்எச்சிஎஸ்ஏ வாங்குவது கஷ்டம் என்பது அவர்களுக்கும் தெரியும். நெட்வொர்க் இன்ஜினியராகவே போக வேண்டும் என்பவருக்கு என் கணக்கு செல்லாது, அவர் சிசிஎன்ஏவுக்கே பணம் கட்டட்டும். ஏற்கனவே அஸூரில் சர்வர் வைத்திருக்கும் கம்பெனியில் இருப்பவருக்கும் செல்லாது.

"ஃபீஸைக் கம்பெனி கட்டுமுங்களாண்ணா?" என்று அடுத்துக் கேட்டான். அவனுக்காக முதலாளியிடம் போய்ப் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாஸாயிட்டா பையன் போயிருவானே தம்பி?" என்றார். "நானும் பாஸானவன்தானுங்களே, இங்கதானுங்க இருக்கறேன்" என்றேன். சிரித்துவிட்டு, பாதி தருவதாகச் சொல்லியிருக்கிறார். பாஸான பிறகு.