ஒரு ஸ்டிக்கருக்காக இரண்டு நாள்

மூன்று வார விடுமுறையில் இரண்டு நாள், அப்பாவின் ஸ்டென்ட் பெட்டியில் இருந்த ஒரு ஸ்டிக்கரைத் தேடியே போய்விட்டது. அப்பாவுக்கு மாரடைப்பு வரவில்லை. நடந்தால் நெஞ்சு இறுக்கம் என்று நாள் குறித்து ஸ்டென்ட் (இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் உலோக வலைக்குழல்) வைத்து நான்கு மாதம். பல் பிடுங்கப் போனவரிடம், "ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் ரெண்டையும் அஞ்சு நாள் நிறுத்திட்டு வாங்க" என்றிருக்கிறார் பல் மருத்துவர். எனக்குப் பகீரென்றது. ஸ்டென்ட்டில் ரத்தம் உறைந்து அடைக்காமல் காப்பதே அந்த இரண்டு மாத்திரையும்தான்; எவ்வளவு நாள் கட்டாயம் என்பது ஸ்டென்ட்டின் வகையைப் பொறுத்தது. எந்த வகை ஸ்டென்ட் என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'ஸ்டென்ட் – 1', அவ்வளவுதான்.

நான் இருக்கும் நாட்டில் வகை, அளவு, லாட் நம்பர் எல்லாம் அச்சடித்த அட்டையைக் கையில் கொடுத்துத்தான் வீட்டுக்கு அனுப்புவார்கள். இங்கே ரெக்கார்ட்ஸில் கேட்டால் டாக்டரைப் பார்க்கச் சொன்னார்கள், அங்கே போனால் மறுபடி ரெக்கார்ட்ஸ். "எல்லா ஸ்டென்ட்டும் ஒண்ணுதாம்மா" என்று ஒருவர் சொன்னபோது அழுகையே வந்துவிட்டது.

ஒன்றில்லை. வெறும் உலோக ஸ்டென்ட்டின் கம்பிகள் மேல் ரத்தக்குழாயின் உள்சவ்வு சில வாரங்களில் படர்ந்து மூடிவிடும்; அதன்பின் அதில் ரத்தம் உறையும் ஆபத்து குறையும். அப்பாவைப் போன்றவர்களுக்கு இரட்டை மாத்திரை ஒரு மாதம் போதும் என்பார்கள். ஆனால் சிலருக்கு அந்தத் திசு அளவு மீறி வளர்ந்து குழாய் மறுபடி சுருங்கலாம். மருந்து பூசிய ஸ்டென்ட் அந்த வளர்ச்சியை அடக்குகிறது; அதனாலேயே உள்சவ்வு உலோகத்தை மூடவும் நாளாகும், மாத்திரை வழக்கமாக ஆறு மாதம். நார்வேயில் 9,013 பேரை ஆறு ஆண்டு வரை கவனித்த ஆய்வு 2016இல் வந்தது. இறப்பிலும் மாரடைப்பிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை. மறுபடி அடைப்பு நீக்க வேண்டிவந்தவர்கள் மருந்து பூசியதில் 16.5 சதவீதம், வெறும் உலோகத்தில் 19.8. அப்பாவின் நான்காவது மாதம் சரியாக இந்த இரண்டு கணக்குக்கும் நடுவில் நிற்கிறது!

இரண்டாம் நாள், ஸ்டென்ட் வைக்கும் அறையான கேத் லேப் வாசலில் ஒரு நர்ஸ் தங்கை, "இருங்கக்கா, நான் பார்க்கிறேன்" என்று உள்ளே போய், தடித்த பதிவேட்டோடு வந்தார். வைத்த ஒவ்வொரு ஸ்டென்ட்டின் பெட்டி ஸ்டிக்கரும் தேதிவாரியாக ஒட்டியிருந்தது, பக்கத்தில் நோயாளி பெயர் முத்து முத்தான கையெழுத்தில். அப்பாவுடையது எவரோலிமஸ் என்ற மருந்து பூசியது. இவ்வளவு பொறுப்பாக எழுதிவைத்ததை நோயாளி கையில் ஒரு நகலாகக் கொடுத்திருக்கக் கூடாதா?

இதய மருத்துவர் பார்த்துவிட்டு, எதையும் நிறுத்த வேண்டாம், ஒரு பல்தானே, பஞ்சு வைத்து அழுத்தினால் ரத்தம் நின்றுவிடும் என்று பல் மருத்துவருக்குக் குறிப்பு எழுதிக் கொடுத்தார். வெள்ளிக்கிழமை காலை இரண்டு மாத்திரையும் போட்டுக்கொண்டுதான் அப்பா பல் பிடுங்கப் போனார். ஸ்டிக்கரின் நகல் இப்போது அவர் சட்டைப் பையில்.