புயல் வரும்போது வீட்டிலேயே இருப்பதா, கிளம்புவதா?

நாங்கள் இருப்பது ஃப்ளோரிடாவில், டாம்பா வளைகுடாவை ஒட்டிய 'ஏ' வெளியேற்ற மண்டலத்தில். வெளியேறச் சொன்னால் முதலில் சொல்வது எங்களைத்தான். 2017இல் இர்மா புயல் வந்தபோது அட்லாண்டாவுக்கு ஓடினோம். 2024 செப்டம்பரில் ஹெலீன் வந்தபோது வீட்டிலேயே இருந்தோம். அடுத்த இரண்டே வாரத்தில் மில்டன் வந்தபோது இருபத்தைந்து மைல் உள்ளே நண்பர் வீட்டுக்குப் போனோம். மூன்றையும் செய்து பார்த்த பிறகு என் கட்சி இதுதான்: கிளம்பிவிடுங்கள், ஆனால் தூரமாகப் போகாதீர்கள்.

வீட்டில் இருப்பதன் வசதி எல்லோருக்கும் தெரிந்ததே. செலவில்லை, சொந்தக் கட்டில், கூரை ஒழுகினால் வாளி வைக்கலாம். காற்றுக்கு மட்டும் என்றால் நானும் இருந்துவிடுவேன். 1992இல் ஆண்ட்ரூ புயல் அடித்த பிறகு இங்கே கட்டட விதிகள் இறுகிவிட்டன. எங்கள் வீடு 2002க்குப் பிறகு கட்டிய கான்கிரீட் பிளாக் வீடு, ஜன்னல்களுக்கு ஷட்டரும் உண்டு. மொபைல் ஹோம் என்னும் லேசான வீடுகளில் இருப்பவர்களுக்கு இந்தப் பேச்சே இல்லை, அவர்கள் எந்த மண்டலமானாலும் கிளம்பத்தான் வேண்டும்.

ஆளைக் கொல்வது தண்ணீர். ஹெலீனின் கண், அதாவது அதன் மையம், எங்களுக்கு நூறு மைலுக்கும் அப்பால் கடலிலேயே கடந்துபோனது, கரையேறியது வடக்கே பெர்ரி ஊருக்குப் பக்கத்தில். எங்கள் தெருவில் பெரிய மழைகூட இல்லை. அதை நம்பித்தான் இருந்துவிட்டோம். ராத்திரி பத்து மணிக்குமேல் குளியலறை வடிகால் கொப்பளித்தது. அப்புறம் வாசற்கதவின் அடியில் ஒரு கோடு போல நீர், உப்பு வாடையோடு. மெயினை அணைத்துவிட்டு டார்ச் அடித்தால், அம்மாவின் செருப்பு கட்டிலுக்கு அடியிலிருந்து மிதந்து வருகிறது. வளைகுடாவில் அன்று கடல் ஆறடிக்கு மேல் ஏறியிருந்தது. எங்களுக்குக் கணுக்காலோடு நின்றது. அது எங்கே நிற்கும் என்று அந்த நேரத்தில் யாருக்குத் தெரியும்?

நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்: இருந்துவிட்டால், அப்புறம் மனம் மாற முடியாது. வெளியே தெரு முழங்கால் ஆழம், எண்பது வயது அம்மாவை எங்கே நடத்திக் கூட்டிப்போவது? காற்று மணிக்கு நாற்பது, நாற்பத்தைந்து மைலைத் தாண்டினால் மீட்பு வண்டிகளும் வெளியே வராது. அவர்கள் உயிரும் உயிர்தானே. கிளம்பியவன் பாதி வழியில் திரும்பலாம், இடத்தை மாற்றலாம். இருந்தவனுக்கு விடியும்வரை வேறு வழியே கிடையாது.

சரி, கிளம்புவதிலும் ஆபத்து உண்டு. 2005இல் ரீட்டா புயலுக்குப் பயந்து டெக்சாஸின் ஹூஸ்டன் நகரமே ஒன்றாகக் கிளம்பியபோது, அந்த வெளியேற்றத்தில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். முதியோர் இல்லத்துப் பேருந்து ஒன்று தீப்பிடித்ததில் மட்டும் 23 பேர். இர்மாவின்போது 65 லட்சம் பேரை வெளியேறச் சொன்னார்கள். ஏழு மணி நேரத்தில் போகும் அட்லாண்டாவுக்கு எங்களுக்குப் பத்தொன்பது மணி நேரம் ஆனது, வழியில் மூன்று பெட்ரோல் பங்க்குகளில் பெட்ரோல் இல்லை. போய்ச் சேர்ந்தால் இர்மா அங்கேயும் வந்து கரண்டைப் பிடுங்கியது. அம்மாவின் கால் வீக்கம் வடிய ஒரு வாரமாயிற்று.

மில்டனுக்கு அந்தத் தப்பைச் செய்யவில்லை. தண்ணீரில் ஊறிய அடிச்சுவரை அறுத்தெடுத்த வீட்டைப் பூட்டிவிட்டு, செவ்வாய்க்கிழமை காலையிலேயே நண்பர் இருக்கும் வெஸ்லி சாப்பல் போய்விட்டோம். தெருவோரமெல்லாம் ஹெலீனில் நனைந்த மெத்தைகளும் சோபாக்களும் அள்ளாமல் கிடந்தன. ஒன்றரை மணி நேரப் பயணம்தான். புயல் புதன் இரவு வந்தது. மூன்று நாள் கரண்ட் இல்லை, அவ்வளவுதான்.

மில்டன் கடைசியில் தெற்கே சியெஸ்டா கீயில் கரையேறியதால், எங்கள் வளைகுடாவில் தண்ணீர் ஏறுவதற்குப் பதில் வெளியே இழுபட்டுப் போனது. "சும்மா அலைஞ்சிட்டு வந்தீங்க" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். ஐம்பது மைல் வடக்கே வந்திருந்தால் அவரிடம் பேசிக்கொண்டிருப்பேனா என்று தெரியாது. புயல் எங்கே திரும்பும் என்று முன்கூட்டியே சொல்லிவிட முடியாது: 2022இல் இயன் புயல் எங்கள் பக்கம் வருகிறது என்றார்கள், கடைசியில் தெற்கே ஃபோர்ட் மையர்ஸ் பீச்சை வாரிக்கொண்டு போனது.

உயரமான அடுக்குமாடியில் நான் இருந்ததில்லை. அங்கே கணக்கு வேறாக இருக்கலாம். டயாலிசிஸ், ஆக்சிஜன் என்று இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டு முடிவெடுப்பதே சரி.

இப்போது ஜூன் பிறந்தால் நவம்பர் முடியும்வரை, அதாவது புயல் காலம் முழுக்க, அம்மாவின் பழைய வாக்கரும் ஒரு மாத்திரைப் பையும் அந்த நண்பர் வீட்டு அலமாரியில்தான் இருக்கின்றன.