மைலோ டின் மேல் கைப்பேசியா, தொப்பி போட்ட கிளியா? பாடக் காணொலிக்கு எது தோது?

எங்கள் பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் இளம் ஆசிரியர் ஒருவர் போன மாதம் கேட்டார்: "டீச்சர், நான்காம் ஆண்டு கணிதத்துக்குக் காணொலி செய்யலாம்னு இருக்கேன். அனிமேஷன் பண்ணட்டுமா, பவர்பாயிண்டா, இல்ல சும்மா போன்லயே எடுத்திடவா?" மூன்றிலும் கையைச் சுட்டுக்கொண்டவள் நான். அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

யார், எதில் பார்க்கப் போகிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளில் பலருக்குச் சொந்தக் கைப்பேசி கிடையாது. அப்பா வேலை முடிந்து வந்து குளித்துச் சாப்பிட்ட பிறகு கிடைக்கும் அவருடைய போன்தான். கீறல் விழுந்த திரை, பிரீபெய்டு டேட்டா, "எனக்கு கேம் போடு" என்று பக்கத்தில் பிடுங்கும் தம்பி. 2020 மார்ச் 18 அன்று கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நாங்கள் கற்ற முதல் பாடம் இதுதான். ஆசிரியரின் மடிக்கணினியில் அழகாக ஓடும் காணொலி, அந்தச் சின்னத் திரையில் வேறு பொருளாகிவிடும்.

அனிமேஷனிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எல்லாருக்கும் ஆசை அதில்தான். கான்வா என்ற வடிவமைப்புச் செயலியின் கல்விப் பதிப்பு பள்ளி ஆசிரியர்களுக்கு இலவசம், ஆடும் படங்கள் கொட்டிக் கிடக்கின்றன. பின்னத்துக்காக நான் இரண்டு வார இறுதிகளைச் செலவழித்து 11 நிமிடக் காணொலி ஒன்று செய்தேன். அதில் தொப்பி போட்ட கிளி ஒன்று கணக்குச் சொல்லும். திங்கட்கிழமை வகுப்பில், "என்ன பார்த்தீங்க?" என்று கேட்டேன். முன்வரிசைப் பையன் துள்ளி எழுந்தான். "கிளியோட தொப்பி கீழ விழுந்துச்சு டீச்சர்!" சரி, அப்புறம்? "திரும்பவும் எடுத்துப் போட்டுக்கிச்சு!" பின்னத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பாடத்துக்குச் சம்பந்தமில்லாத சுவாரசியம் பாடத்தையே தின்றுவிடும் என்று ரிச்சர்ட் மேயர் என்ற அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பல சோதனைகள் செய்து எழுதியிருக்கிறார். எனக்கு அந்தப் பையனே போதும்.

இன்னொரு தொல்லை தமிழுக்கே உரியது. சில காணொலிச் செயலிகளில் 'கொ' என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்கும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைக்கு அதைக் காட்டுவது பாவம். எழுத்தை பவர்பாயிண்டில் அடித்து, படமாகச் சேமித்து, அதைச் செயலிக்குள் ஒட்டிவிட்டால் தப்பிக்கலாம். மற்றபடி, நிலவு தேய்ந்து வளர்வது, பூமி சுழல்வது போன்ற அறிவியல் பாடங்களுக்கு அனிமேஷனை அடிக்க ஆளில்லை. அங்கேயும் 40 வினாடி போதும்.

அடுத்தது பவர்பாயிண்ட். குரலைப் பதிந்து, காணொலியாக ஏற்றுமதி செய்துவிடலாம். இதன் பெரிய சௌகரியம், திருத்துவது சுலபம். ஒவ்வொரு பக்கத்துக்கும் குரல் தனித்தனியாக நிற்பதால், ஏழாம் பக்கத்தில் தப்பு வந்தால் அதை மட்டும் மறுபடி பேசினால் போதும். படம் அதிகம் அசையாததால் கோப்பும் சிறுத்துவிடும். ஆனால் நம்மில் பலர் திரை நிறைய எழுதி, அதையே வரி விடாமல் வாசிக்கிறோம். கண்ணும் காதும் ஒரே வாக்கியத்தைத் துரத்தினால், பக்கத்திலிருக்கும் படத்தைப் பார்க்க மனம் மிச்சமிருக்காது. முதலாம் ஆண்டு வாசிப்புப் பாடத்துக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே எழுத்தைப் பார்த்துக்கொண்டே ஒலியைக் கேட்பதுதான் பாடம்.

கைப்பேசியும் காகிதமும்தான் எனக்குப் பிடித்த கூட்டணி. இரண்டு பெரிய மைலோ டின்களை எதிரும் புதிருமாக வைத்து, மேலே இரண்டு மர ரூலர்களைக் கிடத்தி, பின்பக்கக் கேமரா இடைவெளியில் கீழே பார்க்கும்படி, திரை மேலே தெரிய போனைப் படுக்க வைப்பேன். கீழே ஏ4 தாளில் பாதி. முழுத்தாள் வைத்தால் எழுத்து சின்னதாகிவிடும். தடித்த மார்க்கர் பேனா. வலக்கையால் எழுதுபவருக்கு வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வரவேண்டும், இல்லாவிட்டால் கை நிழல் கணக்கின்மேல் விழும். திரையில் தாளைத் தொட்டு அழுத்தி ஃபோகஸைப் பூட்டிவிட்டால், கை குறுக்கே போகும்போது படம் மங்காது. இதையெல்லாம்விட, மழைக்கு முன்னால் எடுத்து முடிக்க வேண்டும். ஜிங்க் கூரையில் சாயங்கால மழை விழுந்தால் அன்றைக்குப் பதிவு அவ்வளவுதான்.

முக்கால் என்பதும் எட்டில் ஆறு என்பதும் ஒன்றே என்று சொல்ல, ஒரு தாளை நான்காக மடித்து மூன்று பாகத்துக்கு வண்ணம் தீட்டினேன். அப்படியே இன்னொரு மடிப்பு. விரித்தால் எட்டுக் கட்டம், வண்ணத்தில் ஆறு. "இப்ப போனை நிறுத்திட்டு நீயும் மடி" என்று சொல்லி, ஐந்து வினாடி சும்மா இருந்தேன். முழுசும் 4 நிமிடம், எடுக்க முக்கால் மணி நேரம். மறுநாள் மூன்று பிள்ளைகள் பழைய நாட்காட்டித் தாளை மடித்து எடுத்து வந்திருந்தார்கள்.

இது என் ரசனை மட்டுமல்ல. பிலிப் குவோ என்ற ஆய்வாளரும் இன்னும் இருவரும் 2014இல் எட்எக்ஸ் இணையப் பாடங்களின் 6.9 மில்லியன் பார்வை அமர்வுகளை ஆராய்ந்தார்கள். காணொலி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பாதி அமர்வுகளாவது 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. கையால் எழுதிக் காட்டிய காணொலிகள், வெறும் பவர்பாயிண்டைவிட ஆட்களை அதிக நேரம் இழுத்து வைத்திருந்தன. பார்த்தவர்கள் கல்லூரிப் பாடம் படித்தவர்கள், நம் ஒன்பது வயதுப் பிள்ளைகள் அல்ல. நம்மவர்களுக்கு ஆறுகூட அதிகம் என்பது என் கணிப்பு.

குறையும் உண்டு. கடைசியில் தப்பாக எழுதிவிட்டால் முதலிலிருந்து எடுக்க வேண்டும். கையெழுத்து கோழி கீறியது போல் இருப்பவர்கள் பவர்பாயிண்டோடு நிற்பது நல்லது. வெண்பலகை முன் நின்று ஆள் தெரியப் பாடம் நடத்தி எடுப்பதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. பலகை பளபளக்கும், எழுத்து தெரியாது.

யாரும் கணக்கில் எடுக்காத நான்காவது வழி, அச்சடித்த ஒரு தாளும் புலனத்தில் (வாட்ஸ்அப்) ஒரு குரல் பதிவும். விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் எடுத்த 5 நிமிடக் காணொலி சுமார் 37 எம்பி பிடிக்கும். அதே 5 நிமிடம் 32 கிலோபிட்டில் குரல் மட்டும் என்றால் 1.2 எம்பிதான். கதை, செய்யுள், சொல்வதெழுதுதல் இவற்றுக்குப் படம் எதற்கு? மலேசியத் தமிழுக்கென்றே கனி, சூர்யா என்று இரண்டு கணினிக் குரல்களை மைக்ரோசாப்ட் வைத்திருக்கிறது. பேச நேரமில்லாதவர்கள் முயன்று பார்க்கலாம். நான் என் குரலைத்தான் கொடுக்கிறேன். நடுவில் ஒரு பிள்ளையின் பேரைச் சொல்லிவிட்டால் வீடே நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கிறது.

அந்த இளம் ஆசிரியரிடம் முடிவாகச் சொன்னேன்: கணிதத்துக்குத் தாளும் கையும், இலக்கணத்துக்கு பவர்பாயிண்ட், செய்யுளுக்குக் குரல். காசு செலவழித்தே ஆகவேண்டும் என்றால் சட்டையில் குத்தும் சின்ன மைக் ஒன்று வாங்குங்கள், விளக்கெல்லாம் வேண்டாம், ஜன்னல் போதும். தலையை ஆட்டிவிட்டுப் போனவர் மறுவாரம் ஒரு ரிங் லைட்டோடு வந்தார். தாளில் வட்டமாக அதன் ஒளி விழுந்து, எழுதிய விடை தெரியவில்லை. இப்போது அது ஆசிரியர் அறையில் நிற்கிறது. பொங்கலுக்குப் படம் பிடிக்க நன்றாக உதவியது.