செல்ஃப் சுற்றும், வண்டி ஸ்டார்ட் ஆகாது: பழைய காருடன் 11 ஆண்டுகள்

என் பெட்ரோல் காருக்கு வயது 22. அதில் பாதிக் காலம் என்னிடம் இருக்கிறது. இந்த 11 ஆண்டுகளில் அது என்னை நடுவழியில் நிறுத்தியது 3 முறைதான். மூன்று முறையும் ஒரே கதை: சாவியைத் திருப்பினால் செல்ஃப் நன்றாகச் சுற்றும், டாஷ்போர்டு விளக்குகள் எரியும், எஞ்சின் மட்டும் உயிர் பெறாது. காரணம் ஒவ்வொரு முறையும் வேறாக இருந்தது. அதை உணர்வதற்குள் தேவையில்லாமல் புதிது வாங்கிப் போட்டுக் கழற்றிய பழைய உதிரிபாகங்கள் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன.

முதல் முறைதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டு வந்தால் வண்டி முரண்டு பிடிக்கும். மாலையில் மெக்கானிக் வந்து சாவியைத் திருப்பினால் முதல் சுற்றிலேயே ஸ்டார்ட் ஆகிவிடும். "ஒன்றுமே இல்லையே சார்" என்று அவர் என்னைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதற்காகவே வண்டியை விற்றுவிடலாம் என்று தோன்றியது. ஊகத்தின் பேரில் பேட்டரி மாறியது, ஸ்பார்க் பிளக்குகள் மாறின, பெட்ரோல் ஃபில்டர் மாறியது. அடுத்த வெயில் நாளில் மறுபடியும் அதே கதை.

அன்றைக்கு எரிச்சலில் ரேடியோவையும் ஏசி விசிறியையும் அணைத்துவிட்டுச் சாவியைப் பாதியில் நிறுத்தினேன். பின் இருக்கைக்கு அடியில் வழக்கமாக 2 விநாடி ஒரு ரீங்காரம் கேட்கும். பெட்ரோல் பம்ப் அழுத்தம் ஏற்றும் ஒலி அது. அன்று மயான அமைதி. ஃபியூஸ் சரியாக இருந்தது. அடுத்தது ரிலே, அதாவது மின்சாரத்தைத் தானாகத் திறந்து மூடும் சுவிட்ச். சில கார்களில் ஹாரனுக்கும் பம்புக்கும் ஒரே வகை ரிலே இருக்கும். ஒன்றைக் கழற்றி மற்றதில் மாட்டினாலே உண்மை தெரிந்துவிடும். என் காரில் பம்ப் ரிலே தனி ரகம், டாஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்திருந்தது. உறையைப் பிரித்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒரு இணைப்புக் கம்பியைச் சுற்றிப் பற்றவைத்திருந்த ஈயத்தில் வட்டமாக, தலைமுடியை விட மெல்லிய விரிசல். சூடேறினால் தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். பழைய ஈயத்தை உருக்கிப் புது ஈயம் வைக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. அந்த ரிலே இன்றுவரை மறுபேச்சு பேசவில்லை.

சில ஆண்டுகள் கழித்து இரண்டாவது முறை. ஓடிக்கொண்டிருந்த வண்டி நன்றாகச் சூடான பிறகு அப்படியே அணைந்தது. ரீங்காரம் கேட்டது, ஆகவே இந்த முறை ரிலே இல்லை. செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள் கொஞ்சமாவது துடிக்கும், அதைக் கவனித்து வைத்திருந்தேன். அன்று அது பூஜ்யத்தில் படுத்தே கிடந்தது. எஞ்சின் சுழல்கிறது என்ற செய்தியே கட்டுப்பாட்டுக் கணினிக்குப் போகாவிட்டால் அது ஸ்பார்க்கும் கொடுக்காது, பெட்ரோலும் தெளிக்காது. சந்தேகம் அந்தச் செய்தியை அனுப்பும் கிராங்க் சென்சார் மீது விழுந்தது. ஈரத் துணியைச் சென்சார் மீது சிறிது நேரம் போர்த்தி வைத்தேன். வண்டி ஸ்டார்ட் ஆனது. வீட்டில் அதைக் கழற்றி, மின்னளவு காட்டும் மல்டிமீட்டரில் பார்த்தால் குளிர்ந்த நிலையில் அளவு சரியாக இருந்தது. சூடுகாட்டியதும் மீட்டர் இணைப்பே இல்லை என்றது. உள்ளே இருந்த கம்பிச்சுருள் எங்கோ அறுந்திருக்க வேண்டும்.

கார்க் கணினியில் பதிவான பிழைக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஆசையாக வாங்கி வைத்திருந்தேன். கிராங்க் சென்சார் சுற்றுக்கான குறியீடு பி0335 என்று மனப்பாடமும் செய்திருந்தேன். அன்று அது எந்தக் குறியீட்டையும் காட்டவில்லை. பழைய கார்களில் பிழை நினைவில் பதியாமலே போவது உண்டு. செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் எண்ணை நேரலையில் பார்க்க அது உதவும். அதற்கு மேல் நம்பி ஏமாற வேண்டாம். என் அனுபவத்தில் மல்டிமீட்டரும், ஸ்பார்க் வருகிறதா என்று காட்டும் சிறு சோதனை விளக்கும்தான் அதிகம் உழைத்திருக்கின்றன. பிளக் ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு ஸ்பார்க் பார்க்கும் பழக்கத்தை மட்டும் யாரும் பின்பற்றாதீர்கள். அதில் வருவது பல்லாயிரம் வோல்ட்.

பேட்டரியையும் மீட்டர் வைத்தே நம்புங்கள். ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்கும். சுற்றும்போது 9.6க்குக் கீழே சரிந்தால், செல்ஃப் சுற்றினாலும் கணினி தடுமாறக்கூடும். சாவிப் படம் போட்ட விளக்கு விடாமல் மின்னினால் இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் எஞ்சினை ஓடவிடாத திருட்டுத் தடுப்பு) பக்கம் போய்விடுங்கள். பம்பைத் தேடிப் பயனில்லை.

மூன்றாவது முறைக்கு மீட்டரே தேவைப்படவில்லை. நல்ல எஞ்சின் சுற்றும்போது "ஹர்ர்... ஹர்ர்..." என்று மூச்சுப் பிடித்துப் பிடித்துச் சுற்றும். அன்று தையல் இயந்திரம் போல ஒரே சீராக, வேகமாகச் சுற்றியது. உடனே கையை எடுத்துவிட்டேன். வால்வுகளைப் பிஸ்டன்களோடு ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருந்தது. பல எஞ்சின்களில் இப்படி ஆனால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்துவிடும். என் எஞ்சின் அந்த ரகம் இல்லை என்பதால் புது பெல்ட்டோடு தப்பித்தேன். மாற்ற வேண்டிய கெடு எப்போதோ முடிந்திருந்தது, தள்ளிப்போட்டது நான்.

இப்போது புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. இரவு முழுக்க நின்ற வண்டி காலையில் வெகுநேரம் சுற்றிய பிறகே ஸ்டார்ட் ஆகிறது. சாவியைப் பாதியில் இருமுறை நிறுத்தி, பம்பை ஓடவிட்டுத் திருப்பினால் உடனே பிடித்துக்கொள்கிறது. பெட்ரோல் அழுத்தம் இரவில் எங்கோ இறங்கிவிடுகிறது. அழுத்தத்தைப் பிடித்து வைக்கும் பம்பின் வால்வா, எஞ்சினுக்குப் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் சொட்டுகிறதா என்று தெரியாமல் பம்ப் வாங்கப் போவதில்லை. பிரஷர் கேஜ் ஒன்றை இரவல் கேட்டிருக்கிறேன்.